சீட்டைக் கலைப்பது யார்?

போக்கரைப் பற்றிப் பேச்சு வந்தால் என் வயதுக்காரர்கள் உடனே சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. “அது சூது இல்லடா, ஸ்கில்.” பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தேடினால் இணையப் போக்கரின் மொத்த வரலாற்றையும் புரட்ட வேண்டியிருக்கிறது.

‘ஸ்கில்’ என்ற வாதத்துக்கு வலுவான அடித்தளம் போட்டவர் கணிதமேதை ஜான் வான் நாய்மன். விளையாட்டுகளின் கணிதம் பற்றிய அவருடைய கட்டுரை 1928இல் வெளிவந்தது. 1944இல் ஆஸ்கர் மார்கென்ஸ்டர்னோடு சேர்ந்து எழுதிய நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி உண்டு. கையில் ஒன்றுமில்லாமல் பணம் கட்டி மிரட்டுவதை நாம் குணம் சார்ந்த விஷயமாக, தைரியசாலி செய்யும் வேலையாகப் பார்ப்போம். நாய்மன் அதைக் கணக்காகப் பார்த்தார். நடுவில் 100 வெள்ளி கிடக்கிறது. கடைசிச் சுற்றில் நீங்கள் இன்னும் 100 கட்டுகிறீர்கள். எதிராளி 100 போட்டால் 200 கிடைக்கலாம். நீங்கள் மூன்றில் ஒரு தடவை மட்டும் பொய்யாகக் கட்டினால், அவர் ஏற்றாலும் விட்டாலும் நீண்டகாலத்தில் ஒரே பலன்தான். பொய் சொல்லவே சொல்லாதவனும் தோற்பான், எப்போதும் சொல்பவனும் தோற்பான்.

1998இல் ‘பிளானட் போக்கர்’ தளம் உண்மையான பணத்தோடு இணையத்தில் ஆட்டத்தைத் தொடங்கியது. அதுவரை மேசையில் முகத்தைப் படித்தவர்கள் இனித் திரையைப் படிக்க வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. சீட்டைக் கலைக்கும் வேலை மனிதக் கையிலிருந்து நிரலுக்குப் போனது.

பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு கட்டில் 52 சீட்டுகள். அவற்றை எத்தனை விதமாக அடுக்கலாம் என்ற எண்ணுக்கு 68 இலக்கங்கள். அந்தத் தளத்துக்கு மென்பொருள் செய்த நிறுவனம், எங்கள் ஆட்டம் நேர்மையானது என்று காட்டுவதற்காகத் தன் கலைக்கும் நிரலைத் தானே வெளியிட்டது. 1999இல் ஒரு மென்பொருள் பாதுகாப்புக் குழு அதை உட்கார்ந்து படித்தது. நிரல் 32 பிட் எண் ஒன்றை விதையாக எடுத்துக்கொண்டு சீட்டைக் கலைத்தது. ஆக, வரக்கூடிய வரிசைகள் அதிகபட்சம் 4.3 பில்லியன். அந்த விதையும் கணினிக் கடிகாரத்திலிருந்து, நள்ளிரவு முதல் எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்ற கணக்கிலிருந்து வந்தது. ஒரு நாளில் 86.4 மில்லியன் மில்லிவினாடிதானே! தங்கள் கடிகாரத்தைத் தளத்தின் கடிகாரத்தோடு ஒத்துப்போக வைத்ததும் சாத்தியங்கள் ஏறக்குறைய 200,000 ஆகச் சுருங்கின. தன் கையில் இரண்டு சீட்டு, மேசையில் விரித்த மூன்று சீட்டு. இந்த ஐந்தோடும் பொருந்தும் வரிசையைச் சாதாரணக் கணினியே ஆட்டம் முடிவதற்குள் கண்டுபிடித்துவிடும். பிறகு எல்லாருடைய சீட்டும் தெரியும், இனி வரப்போவதும் தெரியும்.

அந்தக் குழு அதை வைத்துப் பணம் பார்க்கவில்லை, உலகத்துக்குச் சொன்னது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அந்தத் தளத்தில் நாய்மன் கணக்கைக் கரைத்துக் குடித்தவர் உட்கார்ந்திருந்தாலும் என்ன செய்திருப்பார்? தருமருக்கும் ஆட்டம் தெரியும்தான். பகடை சகுனியுடையது.

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் 86 டாலர் இணையத் தகுதியாட்டத்தின் வழியாக உலகத் தொடருக்குள் நுழைந்து, 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலரோடு எழுந்தார். அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள். 2006இல் 8,773 பேர். போக்கர் கொச்சையில் விவரமில்லாத ஆட்டக்காரனுக்கு ‘மீன்’ என்று பெயர். வள்ளுவரும் சூது அதிகாரத்தில் மீனைக் கொண்டுவருகிறார். ஆனால் அங்கே மீன், ஜெயித்தவன். மணிமேக்கரின் வெற்றிக்குப் பின் வந்த கூட்டத்தைப் பார்த்தால் ஒருவன் விழுங்கிய தூண்டிலில் எத்தனை பேர் மாட்டினார்கள் என்று தோன்றுகிறது.

அந்தக் கூட்டத்தை எதிர்கொள்ளத்தான் வியூகங்கள் கூர்மையாயின. அடிப்படைக் கணக்கு எளிது. ஒரே இனத்துச் சீட்டு நான்கு இருக்கிறது, ஐந்தாவது வந்தால் ஜெயம், இன்னும் ஒரு சீட்டுதான் பாக்கி. தெரியாத 46இல் உதவக்கூடியது 9, அதாவது சுமார் 20 விழுக்காடு. நடுவில் 100 கிடக்க, எதிராளி 50 கட்டுகிறார். நீங்கள் 50 போட்டுத் தொடர 25 விழுக்காடு வாய்ப்பு வேண்டும். மேற்கொண்டு பணம் வர வழியில்லையென்றால் சீட்டைப் போட்டுவிட வேண்டியதுதான். இதோடு, எதிராளி நூறு கையில் எத்தனைக்குப் பணம் போடுகிறார் என்று எண்ணிச் சொல்லும் மென்பொருள்களும் வந்தன. ஒருவர் ஒரே நேரத்தில் பத்து மேசையில் ஆடலானார்.

அதே எண்ணும் பழக்கம்தான் ஒரு திருட்டையும் பிடித்தது. 2007இல் ‘அப்சலூட் போக்கர்’ தளத்தின் போட்டியொன்றில் ஜெயித்தவரின் ஆட்டம் நம்பமுடியாததாக இருந்தது. இரண்டாமிடம் வந்தவர் ஆட்டப் பதிவைக் கேட்டார். நிறுவனம் அனுப்பிய கோப்பில் எல்லாருடைய மறைவுச் சீட்டுகளும் இருந்தன. ஆட்டக்காரர்கள் அதைக் கை கையாக அலசி, அந்தக் கணக்குக்கு மற்றவர் சீட்டு தெரிந்திருக்கிறது என்று காட்டினார்கள். முதலில் மறுத்த நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. உள்ளே இருந்தவர்களுக்கே கதவு திறந்திருந்தது.

பிறகு இயந்திரங்களே ஆட வந்தன. 2015இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ‘செஃபியஸ்’ இருவர் ஆடும், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட வகையை ஏறக்குறைய முழுதாகத் தீர்த்தது. 2017இல் கார்னகி மெலனின் ‘லிப்ராட்டஸ்’ 20 நாளில் 120,000 கைகள் ஆடி நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. பகலில் அவர்கள் கண்டுபிடித்த ஓட்டைகளை அது இரவில் அடைத்துக்கொண்டது. 2019இல் ‘ப்ளூரிபஸ்’ ஆறு பேர் மேசையிலும் ஜெயித்தது. அதைப் பயிற்றுவிக்கத் தேவைப்பட்ட கணினி நேரத்தின் மதிப்பு 150 டாலருக்கும் குறைவு. இணையத்தில் நம் எதிரே இருப்பது மனிதனா என்ற கேள்வி அதோடு கற்பனைக் கேள்வியாக இல்லாமல் போய்விட்டது.

ஆக, ஸ்கில் உண்டு. ஆனால் அது யாரிடம் உண்டு? சம பலமுள்ள இருவர் விடியவிடிய ஆடினால் இருவருமே தோற்றுத்தான் எழுவார்கள், ஏனென்றால் தளம் ஒவ்வொரு கையிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அந்தப் பங்குக்கு மேலும் ஜெயிக்கும் அளவுக்குத் திறமை வேண்டும். அந்த அளவுக்குத் திறமை இன்று நூற்றைம்பது டாலருக்குக் கிடைக்கிறது. சம்பள நாளில் கைப்பேசியைத் திறக்கும் நண்பனிடம் நான் வியூகத்தைப் பற்றி விவாதிப்பதில்லை. “சீட்ட யாரு கலைக்கிறா, எதிர்ல யாரு ஒக்காந்திருக்கா, ஒனக்குத் தெரியுமா?” என்றுதான் கேட்கிறேன். அவன் பதில் சொன்ன பிறகு கணக்கைப் பேசலாம்.