தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள்

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் தொடங்கப்பட்ட மாவட்டம் தருமபுரி. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த 1989-ஆம் ஆண்டில், ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அந்தப் பணி தொடங்கியது. நடத்தும் பொறுப்பு 1983-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்துக்கு. கடன் கொடுத்தது இந்தியன் வங்கி. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டியவை தொண்டு நிறுவனங்கள். அவற்றில் ஒன்றான மைராடா, கர்நாடகத்தில் 1980-களின் நடுவிலேயே இத்தகைய குழுக்களை நடத்திப் பழகியிருந்தது. அன்றைய தருமபுரி ஓசூர், தேன்கனிக்கோட்டை வரை நீண்டது. கிருஷ்ணகிரி 2004-இல்தான் பிரிந்தது.

மாவட்டத்தின் பெரும்பகுதி மானாவாரி நிலம். கேழ்வரகு, சாமை, மா, புளி ஆகியவற்றை நம்பிய ஊர்களில் ஆண்டு முழுதும் கூலி கிடைக்காது. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருந்ததால், வங்கியில் அடமானம் வைக்கப் பெண்களிடம் ஒன்றும் இல்லை. அவசரத்துக்கு வட்டிக்காரர்தான் கதி.

12 முதல் 20 பேர் வரை ஒரு குழு. இருபதைத் தாண்டினால் அன்றைய நிறுவனச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியிருக்கும். அந்தச் சிக்கல் வேண்டாம் என்பதே இந்த வரம்புக்குக் காரணம். முதலில் சேமிப்பு, பிறகு அதிலிருந்து உள்கடன், அது ஒழுங்காகத் திரும்பிய பிறகே வங்கிக் கடன். உள்கடனுக்கு வட்டி பெரும்பாலும் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஆனால் அது குழுவின் பொது நிதியிலேயே சேர்ந்தது.

தொழிலுக்குக் குழுவால் கிடைத்த பெரிய உதவி, பணத்தைவிடக் கூட்டத்தில் நடந்த விசாரணை எனலாம். கறவை மாட்டுக்குக் கடன் கேட்பவரிடம் மற்றவர்கள் விடாமல் கேட்பார்கள்: எத்தனையாவது ஈத்து, கோடையில் தீவனத்துக்கு என்ன வழி, பால் ஊற்றும் சங்கம் எவ்வளவு தூரம்? வங்கி மேலாளருக்குத் தோன்றாத கேள்விகள் இவை. கேட்பவர்களும் மாடு வளர்ப்பவர்கள். கடன் திரும்பாவிட்டால் இழப்பு அவர்களுக்கும்தான். முடிவு தீர்மானப் புத்தகத்தில் ஏறும். எழுதத் தெரியாதவர்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதும் அந்தப் புத்தகத்தில்தான். கணக்கைப் பார்த்துக்கொள்ள ஓர் ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் இருந்தனர்.

தொடக்கக் காலக் கடன்களில் கணிசமானவை மருத்துவச் செலவுக்கும் பழைய கடனை அடைக்கவும் போயின. இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் வட்டிக்காரரிடமிருந்து மீளாத குடும்பத்தில் எந்தத் தொழிலும் நிலைக்காது. ஈட்டியதெல்லாம் வட்டிக்கே போகும். பழைய கடன் அடைந்த பிறகே ஆடு, மாடு, பெட்டிக்கடை, தையல், புளி வாங்கிக் கொட்டை நீக்கி விற்பது என்று தொழில்கள் வந்தன. புளியில் குழுவின் பயன் தெளிவாகத் தெரியும். தனியாள் கையில் காசில்லாமல் விலை மலிந்த அறுவடை நாளிலேயே விற்றுவிடுவார். உள்கடன் கிடைத்தால் சரக்கைச் சில மாதம் வைத்திருக்கலாம்.

தருமபுரியை அடுத்துச் சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்குத் திட்டம் சென்றது. நபார்டு வங்கி 1992-இல் நாடு முழுதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனை முயற்சியைத் தொடங்கியது. மாநில அரசு 1997-இல் மகளிர் திட்டம் என்ற பெயரில் குழுப் பணியை விரிவாக்கியது. எண்ணிக்கை பெருகியபோது, மானியத்துக்காகவே அமைந்து, அது வந்ததும் கலைந்த குழுக்களும் பெருகின.

இம்முறைக்கு உள்ளேயே ஒரு வரம்பும் உண்டு. ஒரே தெருவில் வாழ்பவர்களுக்குத் தெரிந்த தொழில்களும் ஏறத்தாழ ஒன்றே. எல்லாரும் மாடு வாங்கினால் தீவன விலை ஏறும். எல்லாரும் ஊறுகாய் போட்டால் வாங்க ஆளிருக்காது. வெளிச்சந்தை பற்றிய அறிவைக் குழு தானாகத் தந்துவிடாது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளும், குழுக்களின் பொருள்களை விற்க மாவட்டத் தலைநகரங்களில் எழுந்த பூமாலை வணிக வளாகங்களும் இந்த இடைவெளியை ஓரளவே நிரப்பின. 2012 முதல் குழுக்களைக் கவனிப்பது தமிழ்நாடு மாநில ஊரக வாழ்வாதார இயக்கம்.

பின்னாளில் வந்த தனியார் நுண்கடன் நிறுவனங்களும் பெண்களைக் குழுவாகச் சேர்த்தே கடன் தருகின்றன. ஆனால் அங்கே வட்டி நிறுவனத்துக்குப் போகிறது. ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். தொழிலைப் பற்றிக் கேட்பார் பெரும்பாலும் இல்லை. ஊர் வழக்கில் இரண்டுக்கும் பெயர் குழுக் கடன்தான்.