ஓடுற வண்டியை விக்கலாமா? பழைய காரும் ஒரு நூறு வருடக் கதையும்

இந்த எபிசோட் ஒரு மெக்கானிக் கடையில்தான் ஆரம்பிக்குது.

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலை. சைதாப்பேட்டையில் ஒரு சின்ன ஷெட். எங்க வீட்டு கார் ஜாக்கி மேலே நிக்குது. 2009ஆம் வருஷத்து வண்டி, பெட்ரோல், சின்ன ஹேட்ச்பேக். மீட்டரில் 1,92,000 கிலோமீட்டர். மெக்கானிக் அண்ணன் அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்: "கிளட்ச் முடிஞ்சுது தம்பி. முன்னாடி சஸ்பென்ஷன் மொத்தமா மாத்தணும். ரேடியேட்டர் ஒழுகுது. எல்லாம் சேத்து 55 ஆயிரம் ஆகும்."

வித்தா எவ்வளவு போகும்னு கேட்டேன். "ஒரு எழுபது போகும்."

எழுபதாயிரம் ரூபாய் வண்டிக்கு ஐம்பத்தஞ்சாயிரம் ரூபாய் செலவு. எனக்கு அங்கேயே முடிவு தெரிஞ்சிருச்சு. வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கலை. "ஓடுற வண்டியை எவனாவது விப்பானாடா?"

நான் வரலாறு படிக்கிறவன். அந்தக் கேள்வியை அப்படியே விட முடியலை. பழைய வண்டியைச் சரி பண்ணிக்கிட்டே ஓட்டுறதா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குறதா? இது ஒவ்வொரு குடும்பமும் தனியா உக்காந்து எடுக்கிற முடிவு மாதிரி தெரியும். தேடிப் பார்த்தா, நமக்கு முன்னாடியே யார் யாரோ அதை எடுத்து வச்சிருக்காங்க.

ஃபோர்டும் ஸ்லோனும்

முதலில் அமெரிக்கா. 1908இல் ஹென்றி ஃபோர்டு மாடல் டி காரைக் கொண்டுவந்தார். 1927 வரை அந்த ஒரே மாடல், ஒன்றரைக் கோடி வண்டிகள். ஆரம்பத்தில் 850 டாலராக இருந்த விலை கடைசியில் 260 டாலர் வரை இறங்கியது. ஒரு விவசாயி தன் கொட்டகையில், கையில் இருக்கிற ஸ்பேனரை வைத்தே சரி செய்துகொள்ளக்கூடிய வண்டி அது. போன வருஷம் வாங்கினவரும் இந்த வருஷம் வாங்கினவரும் ஏறக்குறைய ஒரே காரைத்தான் ஓட்டினார்கள். அதனால், 'என் வண்டி பழசாயிடுச்சே' என்ற கவலைக்கு அங்கே பெரிய இடம் இல்லை.

அந்தக் கவலையைத் தொழிலாகவே மாற்றியவர் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன். 1920களில் அவர் கம்பெனி சில விஷயங்களைச் சேர்த்துச் செய்தது. தவணையில் கார் கொடுத்தது. பழைய காரை எடுத்துக்கொண்டு அதன் மதிப்பைப் புதுசின் விலையில் கழித்தது. வருஷா வருஷம் தோற்றத்தை மாற்றியது. நன்றாக ஓடுகிற காரை வைத்திருப்பவருக்கும் ஒரு குறை தோன்றணும், அந்தக் குறையைத் தீர்க்கக் கடனும் கையில் கிடைக்கணும். இன்றைக்கு ஷோரூமில் 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்', 'ஈஸி இ.எம்.ஐ.' என்று கேட்கிறோமே, அதற்கு வயசு நூறு.

1927இல் ஃபோர்டே மாடல் டி-யை நிறுத்திவிட்டு, மாதக்கணக்கில் ஆலையை மூடி, புது மாடலுக்கு மாற வேண்டி வந்தது. 'மாத்து' என்ற கட்சி அங்கே ஜெயித்தது.

வேற வழியே இல்லாத ஊர்

இப்போ இந்தியா. இங்கே கதை அப்படியே தலைகீழ்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசு ஒரு நிபந்தனை வைத்தது. பாகங்களைக் கொண்டுவந்து வெறுமனே பூட்டினால் போதாது, இங்கேயே தயாரிக்கணும். 1950களின் நடுவில் அந்த வெளிநாட்டுக் கம்பெனிகள் கிளம்பிப் போயின. மிஞ்சியது மூன்று பெயர்கள். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர். பம்பாயில் ஃபியட், பின்னாளில் அதுவே பிரீமியர் பத்மினி. மூணாவது நம்ம சென்னையுடையது, ஸ்டாண்டர்டு. ஹெரால்டு கார் 1961 முதல் இங்கே தயாரானது. நாலு கதவு ஹெரால்டு, அது பிறந்த இங்கிலாந்திலேயே கிடையாது, இங்கே மட்டும்தான்.

எங்க தாத்தாகிட்ட ஒரு செகண்ட் ஹேண்ட் ஹெரால்டு இருந்தது. அதில் பானட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட்டோடு காரின் முன்பக்கம் முழுக்க முன்னாடி சாயும். டயர் மேலே உக்காந்துக்கிட்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். அப்பா அப்படித்தான் ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்கிட்டாராம்.

அந்தக் காலத்தில் புதுக் கார் வேணும்னா பணம் மட்டும் போதாது. பதிவு பண்ணிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதற்கே லைசென்ஸ். புதுசு கிடைக்காத இடத்தில் பழசு எப்படி மலிவாகும்? அம்பாசிடர் 1950களின் கடைசியில் வந்து, 2014 மே மாதம் நின்றது. அதன் தோற்றம் கடைசி வரை பெரிதாக மாறவே இல்லை. அதனால் எந்த ஊர் மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் போட முடிந்தது. நம்ம புதுப்பேட்டையில் ஒரு கார் பாகம் பாகமாகப் பிரிந்து நூறு கார்களுக்குள் போய்ச் சேர்ந்தது.

'ரிப்பேர் பண்ணி ஓட்டு' என்பதை நாம் சிக்கனம், நற்குணம் என்று நினைக்கிறோம். சிக்கனம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா வேற வழியும் இல்லை. அப்பாவின் 'ஓடுற வண்டியை எவனாவது விப்பானா' என்ற வாக்கியம் அந்தக் காத்திருப்பு வரிசையிலிருந்து வந்தது என்று எனக்கு இப்போதான் உறைச்சது.

இதோட உச்சக்கட்டம் கியூபா. 1959 புரட்சி, அதன் பிறகு அமெரிக்காவின் வர்த்தகத் தடை. அன்றைக்கு ஹவானா தெருவில் நின்ற அமெரிக்கக் கார்கள் அப்படியே தங்கிவிட்டன. 2011 வரை, புரட்சிக்கு முன்பு வந்த கார்களை மட்டுமே மக்கள் தங்களுக்குள் தாராளமாக வாங்கி விற்க முடியும். டூரிஸ்ட் போட்டோவில் அழகாகத் தெரியும் அந்தக் கார்களின் பானட்டைத் திறந்தால், பலவற்றில் வேறு ஏதோ நாட்டு டீசல் எஞ்சின் இருக்கும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்தில் இலங்கையைப் பாருங்க. அந்நியச் செலாவணி இல்லாமல் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. நடுவில் அஞ்சு வருஷம், பழைய கார் வைத்திருந்தவர்கள் வாங்கினதைவிட அதிக விலைக்கு விற்றார்கள். கார் மாறலை. கதவு மூடியது, அவ்வளவுதான்.

1983க்குப் பிறகு

1983 டிசம்பர் 14. முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுக்கிறார். 1993இல் கார் தயாரிக்க லைசென்ஸ் வேண்டாம் என்றாகிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வருகிறது. காத்திருந்து வாங்கிய நாடு, பத்து பதினைந்து வருஷத்தில், எதை எடுப்பது என்று முழிக்கிற நாடானது.

ரிப்பேரும் மாறியது. கார்புரேட்டரை ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பெட்ரோலும் வைத்துச் சுத்தம் செய்யலாம். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக அதன் இடத்தில் சென்சாரும் கம்ப்யூட்டரும் வந்தன. அது கெட்டுப்போனால் சரி பண்ண மாட்டார்கள், கழற்றிவிட்டு வேற ஒண்ணு மாட்டுவார்கள். எங்க மெக்கானிக் அண்ணனே சொல்வார்: "முன்னாடி நாங்க ரிப்பேர் பண்ணோம் தம்பி. இப்போ மாத்துறோம்."

அப்புறம் அரசாங்கம். ஒரு காலத்தில் புதுசு வாங்க விடாத அரசுகள், இப்போது பழசை வைத்துக்கொள்ள விடுவதில்லை. அமெரிக்காவில் 2009 கோடையில், பெட்ரோல் குடிக்கிற பழைய வண்டியைக் கொடுத்தால் 4,500 டாலர் வரை தள்ளுபடி. ஏறக்குறைய ஏழு லட்சம் வண்டிகள் வந்தன. அவை மறுபடி ரோட்டுக்கு வரக்கூடாது என்று, எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, எஞ்சின் இறுகி நிற்கும் வரை ஓட விட்டார்கள். டெல்லியில் 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகளுக்கான தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் வலியுறுத்தியது. மும்பையில் 2003 அக்டோபர் 29 அன்று பதிவான கடைசி பத்மினி டாக்ஸியின் 20 வருஷ ஆயுள் 2023இல் முடிந்தது. 2021இல் வந்தது ஸ்கிராப் கொள்கை. 2022 ஏப்ரலிலிருந்து, 15 வருஷம் தாண்டிய காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆனது. எங்க வண்டிக்கு 2024இல் நான்தான் போய்க் கட்டினேன். பசுமை வரி தனி.

கணக்கைத் திருப்பிப் போட்டேன்

இதையெல்லாம் படிச்ச பிறகு அந்த 55 ஆயிரத்தை மறுபடி பார்த்தேன். முதல் தப்பு அங்கேதான். ரிப்பேர் செலவை வண்டி விலையோட ஒப்பிட்டேன். ஒப்பிட வேண்டியது, வண்டியை மாத்தினா ஆகப்போற செலவோட. ஆறு லட்சம் கடன், 9 சதவீத வட்டி, அஞ்சு வருஷம் என்றால் மாசத் தவணை சுமார் 12,500. அப்போ 55 ஆயிரம் என்பது நாலரை மாசத் தவணைகூட இல்லை. அந்த ரிப்பேருக்குப் பிறகு வண்டி இன்னும் ரெண்டு வருஷம் பெரிய செலவு வைக்காம ஓடினாலே லாபம்தான்.

கிலோமீட்டரும் என்னைப் பயமுறுத்தியது தப்பு. இர்வ் கோர்டன் என்று ஒரு அமெரிக்க ஆசிரியர், 1966இல் ஒரு வால்வோ வாங்கினார். 2013இல் அதே காரில் 30 லட்சம் மைலைத் தொட்டார். கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 48 லட்சம். தினமும் நீண்ட தூரம் சீராக ஓடிய வண்டி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய மனிதர். அண்ணா சாலை நெரிசலில் நின்று நின்று போகிற வண்டிக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் மீட்டரில் இருக்கிற எண்ணைவிட, அது எப்படி ஓடி வந்த எண் என்பதுதான் முக்கியம்.

ஆக, கணக்குப்படி அப்பா ஜெயிச்சார். அதை அவர்கிட்ட சொல்லவும் போனேன்.

அன்றைக்கு ராத்திரி ஒரு விஷயம் தூங்க விடலை. 2014 ஜனவரியில், இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பரிசோதித்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம். அதற்குப் பிறகுதான் விதிகள் வேகமாக மாறின. 2017 அக்டோபரிலிருந்து புது மாடல்களுக்கு மோதல் பரிசோதனை. 2019 ஏப்ரலில் ஏ.பி.எஸ். 2019 ஜூலையில் டிரைவர் ஏர்பேக். எங்க வண்டி 2009. இதில் ஒண்ணுகூட அதில் இல்லை. முன் சீட்டில் அம்மா உக்காருவாங்க. பின்னாடி என் மூணு வயசுப் பொண்ணு.

கிளட்ச் மாத்தலாம். ரேடியேட்டர் மாத்தலாம். ஏர்பேக்கை எந்த ஷெட்டிலும் பூட்ட முடியாது. ரிப்பேர் என்பது வண்டியைப் பழைய நிலைமைக்குக் கொண்டுபோறது. அந்தப் பழைய நிலைமையே போதாது என்றால்?

தாத்தா காலத்தில் இந்தக் கேள்விக்கே அர்த்தம் கிடையாது. புதுசா வந்த அம்பாசிடரும் பழைய அம்பாசிடரும் கிட்டத்தட்ட ஒண்ணு. அதனால் அப்பா சொன்னது தப்பில்லை, அவருக்குக் கிடைச்ச உலகத்துக்கு அது சரி. இதை அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "பாப்பாவுக்காகத்தானே சொல்ற?"

"ஆமாப்பா."

"அப்போ சரி."

மூணு வருஷம் ஓடிய ஒரு வண்டியை எடுத்தோம். புதுசு இல்லை. ஏ.பி.எஸ்., ரெண்டு ஏர்பேக் இருக்கு. கடன் ரொம்பக் குறைவு. ஸ்லோனுக்கும் முழுசா அடிமையாகலை, வரிசையில் நின்ற காலத்துக்கும் திரும்பிப் போகலை.

பழைய காரைக் காயலான் கடைக்கு அனுப்பலை. மெக்கானிக் அண்ணனுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கேட்டார். மனைவி, ரெண்டு பிள்ளைகளோட ஒரே பைக்கில் போறவர். எங்களுக்குப் போதாத வண்டி, அவருக்கு ஒரு படி மேலே. இது எனக்கு முழு நிம்மதியைத் தரலை, உண்மையைச் சொல்லிடறேன். ஆனா நாலு பேர் ஒரு பைக்கில் போறதைவிட இது எவ்வளவோ மேல்.

கொடுக்கிறதுக்கு முன்னாடி அப்பா ஒண்ணே ஒண்ணு சொன்னார். கிளட்சையும் ரேடியேட்டரையும் சஸ்பென்ஷனையும் நாமளே மாத்திக் கொடுக்கணும். "அந்தச் செலவை எதுக்குப்பா நாம பண்ணணும்? விலையிலேயே குறைச்சுக்கலாமே"ன்னு கேட்டேன்.

"ஓடுற வண்டியைத்தான்டா கொடுக்கணும்" என்றார்.

மாத்திக் கொடுத்தோம். 55 ஆயிரம்தான் ஆச்சு.

உங்க வீட்டில் அப்படி ஒரு வண்டி இருந்தா, முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி அதைப் பத்தி வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு தடவை பேசுங்க. அவங்க சொல்ற பதில் காரைப் பத்தி மட்டும் இருக்காது.