கெண்டக்கிச் சகோதரர்கள்

1861-ல் அடிமை முறையைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அமெரிக்காவின் தென் ராஜ்யங்கள் பிரிந்து சென்றபோது, அடிமைகளை வைத்திருந்தும் பிரியாமல் நின்ற கெண்டக்கியில் யுத்தம் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. சமரசத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து போரைத் தடுக்க முயன்று தோற்ற செனட்டர் ஜான் கிரிட்டெண்டனின் புதல்வர்களில் தாமஸ் வடக்கிலும் ஜார்ஜ் தெற்கிலும் சேனாதிபதிகளானார்கள்.

ஜனாதிபதி லிங்கனின் குடும்பமும் தப்பவில்லை. அவருடைய மனைவி மேரிக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தங்கையான எமிலியை மணந்த பெஞ்சமின் ஹெல்ம் என்பவருக்கு, ராணுவத்தில் சம்பளப் பட்டுவாடா உத்தியோகத்தை மேஜர் அந்தஸ்துடன் ஜனாதிபதியே அளிக்க முன்வந்தும், அவர் அதை மறுத்துத் தென் சேனையில் சேர்ந்து, 1863 செப்டம்பரில் சிக்கமாகா போர்க்களத்தில் படுகாயமுற்று மாண்டார். அதே களத்தில் எதிர்ப்பக்கத்துப் படைப்பிரிவு ஒன்றை நடத்தியவர் தாமஸ் கிரிட்டெண்டன்.

விதவையான எமிலி அம்மையார் அவ்வாண்டு டிசம்பரில் வடக்கே வந்தபோது, வட சேனையின் வசமிருந்த மன்றோ கோட்டையின் அதிகாரிகள் மத்திய சர்க்காருக்கு விசுவாசப் பிரமாணம் கேட்டார்கள். கணவர் உயிர்விட்ட கட்சியை மறுதலிக்க மனம் ஒப்பாமல் அவர் மறுத்துவிட்டார். அவரைத் தம்மிடமே அனுப்பிவிடும்படி லிங்கனிடமிருந்து தந்தி வந்தது. எதிரித் தளபதியின் மனைவிக்கு வெள்ளை மாளிகையில் இடமா என்று குறைகூறியவர்கள் உண்டு. ஆயினும் கணவரை இழந்த தங்கையும், முந்திய ஆண்டில் மகன் வில்லியைப் பறிகொடுத்த தமக்கையும், ஒருவர் துக்கத்தை மற்றவர் ஆற்றி அங்கே சில நாட்கள் சேர்ந்திருந்தார்கள். பிரமாணத்தை முன்வைக்காமல் பந்தத்தை முன்வைத்த அந்தச் செயலையே மெய்யான சமாதானத்தின் ஆரம்பமென்று நான் கருதுகிறேன்.

1865 ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டாக்ஸில் தென் சேனாதிபதி லீ சரணடைந்தபோதும் இந்தத் தயையே முன்னின்றது: வசந்த காலத்து உழவுக்காகக் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் வீரர்கள் ஓட்டிச் செல்லலாமென்று வட சேனாதிபதி கிராண்ட் இசைந்தார், பசித்திருந்தவர்களுக்கு 25,000 பேருக்கான உணவும் கொடுத்தார்.

ஆனால் வெள்ளையர் இருசாராரும் நெருங்க நெருங்க, எவருடைய விடுதலைக்காக அவ்வளவு ரத்தம் சிந்தப்பட்டதோ அந்தக் கறுப்பு மக்கள் சமாதானத்துக்குப் புறம்பே நிறுத்தப்பட்டார்கள். தெற்கில் அவர்களைக் காத்துநின்ற மத்திய சர்க்காரின் படைகள் 1877-ல் விலகிக்கொண்டன. அதன்பின் அவர்களுடைய வாக்குரிமை பயமுறுத்தலாலும் தந்திரச் சட்டங்களாலும் பறிக்கப்பட்டது. 1913-ல் கெட்டிஸ்பர்க் களத்தில் இருதரப்பு முதிய வீரர்களும் ஐம்பதினாயிரத்துக்கு மேல் கூடிக் கைகுலுக்கியபோதும் அந்தப் பறிப்பு நீடித்தது. அதை மீட்டுத்தந்த வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது 1965-ல்.