1928இல் லண்டனில் இரண்டு கண்டுபிடிப்புகள்: நம்ம வாய்க்குள்ள நடக்கிற காப்பி-பேஸ்ட்

1928ன்னு சொன்னா பென்சிலின் ஞாபகம் வரும். அந்த வருஷம் செப்டம்பரில், லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில், அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கின் தட்டில் பூஞ்சை படிந்த கதை பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கு. ஆனா அதே வருஷம் ஜனவரியில், அதே லண்டனில் வேலை பார்த்த ஃபிரெடரிக் கிரிஃபித் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அந்த மருந்து பிற்காலத்தில் எப்படித் தோற்கும் என்பதற்கான விடை அதில் இருந்தது. இது ரெண்டும் ஒரே கதைன்னு புரிய சுமார் 60 வருஷம் ஆச்சு.

கிரிஃபித் ஆராய்ந்தது நிமோனியா கிருமியான நியூமோகாக்கஸை. அதில் ஆளைக் கொல்லும் வகை ஒன்று, சாதுவான வகை ஒன்று. கொல்லும் வகையைச் சூடாக்கிச் சாகடித்து, உயிருள்ள சாது வகையோடு கலந்து எலிக்கு ஊசி போட்டார். எலி செத்துப்போச்சு. அதன் உடம்பில் கொல்லும் வகை உயிரோடு இருந்தது! செத்த கிருமியிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு சாது கிருமி மாறியிருந்தது. அந்த 'எதையோ' டிஎன்ஏ என்று 1944இல் நியூயார்க்கில் ஆஸ்வால்ட் ஏவரியின் குழு காட்டியது. கிரிஃபித் அதைப் பார்க்கவில்லை. 1941இல் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் இறந்துவிட்டார்.

1945 டிசம்பரில் ஃப்ளெமிங் தன் நோபல் உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருத்தருக்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கி, போதாத அளவில் சாப்பிடுகிறார். கிருமி சாகாமல் மருந்தைத் தாங்கப் பழகிவிடுகிறது. அது அவர் மனைவிக்குத் தொற்றி, பென்சிலின் வேலை செய்யாமல் அவர் இறந்துபோகிறார்.

1967இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பென்சிலினுக்கு எளிதில் மசியாத நியூமோகாக்கஸ் பற்றிச் செய்தி வந்தது. 1977இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பென்சிலின், குளோரம்பெனிக்கால் ரெண்டுக்குமே அடங்காத கிருமி குழந்தைகளிடம் கிடைத்தது.

இது எப்படி வந்தது? பென்சிலின், பாக்டீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் ஒரு புரதத்தில் ஒட்டிக்கொண்டு கட்டுமானத்தை நிறுத்தும். இந்தக் கிருமிகளில் மருந்து சரியாக ஒட்டாதபடி அந்தப் புரதமே மாறியிருந்தது. 1989இல் பிரிட்டனில் பிரையன் ஸ்ப்ராட்டின் குழு அதற்கான மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்தபோது, நடுநடுவே வேறு இனத்தின் துண்டுகள் இருந்தன. எங்களை மாதிரி புரோகிராமர்களுக்கு இது பழகின விஷயம்தான்: வேறொருத்தர் எழுதின கோடை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தது.

யாருடைய கோடு? அடுத்த சில வருஷங்களில் தெரியவந்த பெயர்களில் ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ். நம்ம எல்லார் வாயிலும் சும்மா குடியிருக்கிற, பொதுவா யாருக்கும் தொல்லை தராத பாக்டீரியா. கிரிஃபித் எலிக்குள் பார்த்த அதே கைமாற்றம் மனிதனின் வாயிலும் தொண்டையிலும் நடந்திருக்கிறது. கடன் ரெண்டு பக்கமும் போகும்: நியூமோகாக்கஸிடமிருந்து வாய் பாக்டீரியாக்கள் வாங்கியதற்கும் சான்று உண்டு.

இந்தச் சரக்கு பென்சிலினுக்குப் பிறகுதான் வந்ததா என்றால், அதுவும் இல்லை. ஜெர்மனியின் டால்ஹைமில் கிடைத்த, சுமார் 1000 வருஷம் பழைய எலும்புக்கூடுகளின் பற்காரையை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. ஆன்டிபயாடிக்கை எதிர்க்க உதவக்கூடிய மரபணுக்கள் அந்தக் காரையிலேயே இருந்தன. பூஞ்சைகளும் மண் பாக்டீரியாக்களும் காலங்காலமாக இந்த ரசாயனங்களைத் தயாரிக்கின்றன. அவற்றைத் தாங்கும் வழிகளும் கூடவே வளர்ந்தன. நாம் செய்தது, அந்த மரபணு உள்ளவை மட்டும் பிழைக்கும்படி மருந்தைக் கொட்டியது.

அதனாலதான் பல் வலின்னு மெடிக்கல்ல நாமே கேட்டு வாங்கிப் போடும் ரெண்டு அமாக்ஸிசிலின் சின்ன விஷயம் இல்ல. பெரும்பாலான பல் வலிக்கு அது தீர்வும் இல்ல. பல்லைத் திறந்து சுத்தம் செய்வதோ பிடுங்குவதோதான் தீர்வு. அந்த மாத்திரை வாயில் இருக்கும் அப்பாவி பாக்டீரியாக்களையும் வடிகட்டும். தாங்கிப் பிழைத்தவை தங்கள் கோடை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அதை வாங்கிக்கொள்ளும் நிமோனியா கிருமி நம்மைத் தாக்காமல், நாம் கொஞ்சிய குழந்தையையோ வீட்டில் இருக்கும் பாட்டியையோ தாக்கலாம். டாக்டர் எழுதிக் கொடுத்தா அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்க. எழுதிக் கொடுக்கலேன்னா, கேட்டு வாங்காதீங்க.