வேண்டாம் என்று சொன்ன வீடு

2012, ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு தொண்டு நிறுவனம் இழுத்து மூடப்பட்டது. சுமார் முந்நூறு ஊழியர்களுக்கு வேலை போச்சு. அடுத்த கட்டம், திவால் மனு.

‘தொண்டு நிறுவனம் மூடுவதெல்லாம் ஒரு செய்தியா?’ என்கிறீர்களா? மூடப்பட்டது ஹல் ஹவுஸ்! வயது 122. அதைத் தொடங்கிய ஜேன் ஆடம்ஸ், 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியவர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவர்தான்.

அப்பேர்ப்பட்ட இடம் எப்படிச் சாய்ந்தது? அதற்கு 1889-க்குப் போக வேண்டும்.

ஜேன் ஆடம்ஸுக்கு அப்போது 29 வயது. பணக்கார மில் முதலாளியின் மகள். லண்டனில் டாயின்பி ஹால் என்ற இடத்தைப் பார்த்திருந்தார். படித்த இளைஞர்கள் ஏழைகள் வசிக்கும் பேட்டையிலேயே குடியேறி, அவர்களோடு வாழ்ந்த இடம் அது. ‘நம் ஊரிலும் செய்தால் என்ன?’ என்று தோன்றியது. தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சிகாகோவின் ஹால்ஸ்டட் தெருவில், ஹல் என்பவர் கட்டிய பழைய பங்களாவில் குடிபுகுந்தார். சுற்றிலும் இத்தாலி, ரஷ்யா, கிரீஸ் என்று பல தேசங்களிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள்.

மழலையர் பள்ளி, மாலை வகுப்பு, குளியலறைகள், விளையாட்டு மைதானம்... ஒவ்வொன்றாக முளைத்தன. சுமார் இருபது வருடத்தில் 13 கட்டடங்கள்! தெருவில் குப்பை அள்ள ஆள் வரவில்லை என்று சண்டை போட்டுப் போட்டு, 1895-ல் அந்த வட்டாரத்துக் குப்பை இன்ஸ்பெக்டர் வேலையையே வாங்கிக்கொண்டார் ஜேன். விடிகாலையில் குப்பை வண்டிகளின் பின்னாலேயே போவாராம்!

செலவுக்குப் பணம்? அப்பா விட்டுப்போன சொத்து, அப்புறம் வசதியான சில சீமாட்டிகள். ஒருமுறை, வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி கட்ட ஒரு முதலாளி 20,000 டாலர் தர முன்வந்தார். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. ஆனால், தன்னிடம் வேலை பார்த்த பெண்களுக்கே அடிமாட்டுக் கூலி கொடுத்தவர் அவர். ‘வேண்டாம்’ என்றுவிட்டார் ஜேன்.

தனியார் பணத்துக்கும் ஒரு விலை உண்டுதான். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது ஜேன் போரை எதிர்த்தார். பழைய புரவலர்கள் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனாலும் வீடு தாக்குப்பிடித்தது. 1935-ல் ஜேன் இறந்த பிறகும் நடந்தது.

அடுத்த திருப்பம் 1960-களில். பல்கலைக்கழக வளாகம் கட்டுவதற்காக ஹல் ஹவுஸ் கட்டடங்களில் பெரும்பாலானவற்றை இடித்தார்கள். நிறுவனம் நகரின் வெவ்வேறு மூலைகளுக்குப் பிரிந்து போனது. அதே சமயம், 1964-ல் ‘வறுமையின் மீது போர்’ என்று அறிவித்தார் ஜனாதிபதி ஜான்சன். அரசாங்கப் பணம் தொண்டு நிறுவனங்கள் வழியாகப் பாய ஆரம்பித்தது. அதைத் தப்பென்று சொல்ல முடியாது. நாலு சீமாட்டிகள் கொடுக்கிற பணத்தில் ஒரு மாநகரத்தின் வறுமையைத் தீர்க்க முடியுமா என்ன?

ஆனால், கொடுத்த கை இழுத்துக்கொள்ளவும் செய்யும். 1981-ல் ரீகன் பதவிக்கு வந்ததும் சமூகநலச் செலவுகளில் கத்தி வைத்தார். தனியார் தருமம் அந்த இடத்தை நிரப்பும் என்பது அவர் கணக்கு. தருமம் கூடத்தான் செய்தது. தோண்டிய பள்ளம் அளவுக்குக் கூடவில்லை.

ஹல் ஹவுஸ் அதைத் தாண்டியது. ஆனால் பாடம் படிக்கவில்லை. அல்லது, படிக்க வழியில்லை. கடைசிக் காலத்தில் அதன் வருமானத்தில் ஏறத்தாழ 85 சதவிகிதம் அரசாங்கப் பணம்!

2008-ல் பொருளாதாரம் சரிந்தது. இங்கேதான் சிக்கலே. வேலை போனவர்கள் உதவி கேட்டு வரிசையில் நிற்பார்கள். அதே நேரத்தில் அரசுக்கு வரி வசூல் படுத்துவிடும். ஆக, கூட்டம் கூடும்போதுதான் நிதி குறையும். போதாக்குறைக்கு, முதலில் நீ செலவு செய், பில்லைக் கொடு, அப்புறம் தருகிறேன் என்பதுதான் பல அரசு ஒப்பந்தங்களின் லட்சணம். இல்லினாய் மாநில அரசோ பில்களை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டது. சம்பளமும் வாடகையும் காத்திருக்குமா? கைவசம் சேமிப்பு இல்லை. கடன் ஏறியது. வளர்ப்புக் குடும்பங்களில் இருந்த குழந்தைகள், வீட்டு வன்முறைக்குத் தப்பி வந்த பெண்கள் என வருடத்துக்குப் பல்லாயிரம் பேர் நம்பியிருந்த இடம், ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது.

இது பழங்கதை இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்தி வைத்தபோது, பல நாடுகளில் தொண்டு நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பின, மருத்துவ மையங்களை மூடின.

அன்றைக்கு 20,000 டாலரை வேண்டாமென்று சொல்ல முடிந்தது. காரணம், பணம் வர வேறு வாசல்கள் இருந்தன. ஒரே வாசலை நம்பிய பிறகு, அதை யார் எப்போது சாத்துவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு என்ன செய்ய?

ஹால்ஸ்டட் தெருவில் அந்தப் பழைய பங்களா தப்பியது. பல்கலைக்கழகம் அதை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் வந்து தட்டிய கதவு அது. இப்போது, பார்வையாளர் நேரத்தில் திறக்கிறார்கள்.