கடைசிச் சல்லடை

போடிநாயக்கனூருக்கு மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய் சல்லடைக்குப் போகும். 8 மில்லிமீட்டருக்கு மேல் தனி, 7-லிருந்து 8 தனி, அதற்குக் கீழே தனி. ஒரு கிட்டங்கியில் முப்பது வருடம் அந்தச் சலிப்பை மேற்பார்த்தவர் என் அப்பா.

போன தீபாவளிக்கு, காதுக்கு ஐந்து டிரைவர் கொண்ட மலிவான இயர்போன் ஒன்றோடு ஊருக்குப் போனேன். பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜாவின் பேஸ் கிட்டாரை நன்றாகக் கேட்க ஆசை. பேஸ் வந்தது. ஆனால் ஜானகியின் ஒவ்வொரு ‘ஸ’வும் ஊசியாகக் குத்தியது.

அட்டைப்பெட்டியைப் பார்த்து அப்பா கேட்டார்: “மூட்டைக் கணக்கா முக்கியம்? சலிப்பு எப்படின்னு பாருடா.”

அவர் சொன்னதுதான் இந்தக் கருவியின் சரித்திரமும். 1910-இல் அமெரிக்காவின் யூட்டாவில் நத்தேனியல் பால்ட்வின் தன் சமையலறையில் செய்த ஹெட்போன்கள் கடற்படைக்குப் போயின. காந்தங்களுக்கு நடுவே சமநிலையில் நிற்கும் சிறு இரும்புத் தகடு அதிர்ந்து ஒலி எழுப்பும் அமைப்பு அது. 1946-இல் சிகாகோவில் தொடங்கிய நோல்ஸ் நிறுவனம் அதைக் காதுகேள் கருவிக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிதாக்கியது. 1995-இல் ஒலிப்பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, வான் ஹேலன் குழுவின் டிரம்மருக்காகத் தாழ்ந்த ஒலிக்கு ஒன்று, உயர்ந்த ஒலிக்கு ஒன்று என இரண்டு டிரைவர்களைச் சேர்த்தார். பிறகு சீன நிறுவனங்கள் அதை நம் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்தன.

ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் சல்லடைக்கு கிராஸ்ஓவர் என்று பெயர். அது சரியில்லை என்றால் ஒரே சுரம் இரண்டு டிரைவர்களிலிருந்தும் வரும். அவை ஒத்து அதிர்ந்தால் அந்தச் சுரம் துருத்தும், எதிராக அதிர்ந்தால் அமுங்கும். ஒழுங்காகச் சீரமைத்த ஒற்றை டிரைவர், ஒழுங்கில்லாத ஐந்தை ஜெயிப்பது இதனால்தான்.

அப்பாவின் காதுகேள் கருவியிலும் பால்ட்வின் வழிவந்த அதே தகடுதான். வயதானால் உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். என் குரல் கேட்கும், ‘ச’வும் ‘ஸ’வும் நழுவிவிடும் அவருக்கு. சும்மா என் இயர்போனை அவர் காதில் மாட்டினேன். சரணம் முடியும்வரை பேசவில்லை.

“வார்த்தை புரியுதுடா,” என்றார்.

என் காதில் குத்திய அதே ஒலிதான். இயர்போனை அங்கேயே விட்டுவிட்டு ரயிலேறினேன்.