சட்டைப்பைக்கு மேலே ஒரு பெயர்

பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடை, முதல் மாடி. மடித்த சேலைகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணின் தோளுக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை குத்தியிருக்கிறது. ஓர் இனிஷியல், ஒரு புள்ளி, மூன்றெழுத்தில் ஒரு பெயர். எதிரே நிற்கும் கல்லூரிப் பெண் "அக்கா, அந்த மாம்பழக் கலரை எடுங்க" என்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு அதே பெண் "ஏம்மா". பில் போடப் போய்த் திரும்பியவர் "இங்க மெரூன் சேலை கட்டிக்கிட்டு ஒரு பொண்ணு நின்னுச்சே, எங்க?" என்று தேடுகிறார். அந்த மாடியில் நிற்கும் முப்பது பேரும் மெரூன் சேலைதான். வில்லையில் இருக்கும் பெயரை யாரும் வாசித்த மாதிரித் தெரியவில்லை. சாயம் போன சேலையோடு ஒருவர் சண்டைக்கு வரும்போதுதான் வாசிப்பார்கள்.

விமானத்தில் வேலை செய்பவர்கள் பயணிகளிடம் பெயரைச் சொல்லத்தான் வேண்டுமா என்பது இப்போது ஆங்காங்கே கேட்கப்படும் கேள்வி. சட்டையில் பெயர் இருந்தால் அடுத்த நிமிடமே கைப்பேசியில் தேடிவிடுகிறார்கள், ஊர், குடும்பம், படம் எல்லாம் கிடைத்துவிடுகிறது என்பது ஒரு தரப்பு. பெயர் தெரியாதவரிடம் எப்படி நன்றி சொல்வது, யார் மீது புகார் கொடுப்பது என்பது எதிர்த் தரப்பு. சென்னை இந்த வழக்கை வேறு உருவங்களில் நூறாண்டுக்கும் மேலாக நடத்தி வருகிறது. தமிழில் பெயர் என்பதே இரண்டு பக்கமும் கூர் உள்ள சமாச்சாரம். 'பேர் சொல்லும் பிள்ளை' என்றால் பெருமை. 'என்னையே பேர் சொல்லிக் கூப்பிடுறான்' என்றால் கைகலப்பு.

வெள்ளைக்காரர் காலத்து மெட்ராஸ் பங்களாக்களில் பெயர் தேவைப்படவில்லை. பட்லர், பாய், ஆயா என்று வேலைதான் பெயர். அந்த வீடுகளில் புழங்கிய ஆங்கிலத்துக்கே 'பட்லர் இங்கிலீஷ்' என்று பெயர் வைத்தார்களே தவிர, பட்லரின் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. கடல் கடந்து போன தமிழர்களுக்கு இன்னும் மோசம். மலாயாவில் எல்லோரும் ராமசாமி. தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் 'சாமி'. 1894-இல் முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து, காந்தியிடம் வந்து நின்ற பாலசுந்தரமும் அங்குள்ள வெள்ளையருக்கு ஒரு சாமிதான். சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உனக்கு எஜமான் இல்லையே என்று சில இந்தியர்கள் மடக்குவார்களாம். காந்தியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அமெரிக்காவில் 'சாமி'க்குப் பதில் ஜார்ஜ். புல்மேன் ரயில் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினப் பணியாளர் எவராக இருந்தாலும், கம்பெனி முதலாளி ஜார்ஜ் புல்மேனின் பெயரால் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். தங்கள் பெயர் இப்படிச் சீரழிகிறதே என்று எரிச்சல்பட்ட வெள்ளைக்கார ஜார்ஜுகள் ஒரு சங்கமே வைத்தார்கள். 1926-இல் ஒவ்வொரு பெட்டியிலும் பணியாளரின் பெயர் அட்டை மாட்டப்பட்டது. அப்போது எண்ணிப் பார்த்ததில் சுமார் 12,000 பேரில் ஜார்ஜ் என்று பெயர் உள்ளவர்கள் 362 பேர்தானாம். அந்தப் பணியாளர்களுக்குப் பெயர் அட்டை சங்கடமாக இல்லை. அவரவர் பெயர் அவரவருக்குத் திரும்பி வந்தது.

நம் ஊரில் பெயருக்கு முன்னால் வந்தது நம்பர். எழும்பூரிலும் சென்ட்ரலிலும் சிவப்புச் சட்டைக்காரரின் கையில் பித்தளை வில்லை, அதில் எண். பஸ் கண்டக்டருக்கு பேட்ஜ் நம்பர். ஆட்டோக்காரர்களிடையே இன்றும் "உன்கிட்ட பேட்ஜ் இருக்கா?" என்றால், வாடகை வண்டி ஓட்ட உரிமம் இருக்கிறதா என்று அர்த்தம். போலீஸ் ஸ்டேஷனில் கான்ஸ்டபிளை எண் சொல்லி அழைப்பதைத் தமிழ் சினிமா எத்தனையோ தடவை நகைச்சுவையாக்கிவிட்டது. ஆனால் எண் என்பது வெறும் அவமானமும் அல்ல. 2025-இல் ரஜினிகாந்த் நடித்து வந்த 'கூலி' படத்தில் அவருடைய வில்லை எண் 1421. பஸ் கண்டக்டராக இருந்த தன் அப்பாவின் எண் அது என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் சொன்னார். ஒரு குடும்பம் பத்திரமாக வைத்திருந்த எண்.

எண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. புகார் எழுத அது போதும், வீடு தேடி வர அது போதாது. கண்டக்டரோடு சில்லறைக்காகச் சண்டை போட்டவர் பேட்ஜ் நம்பரைக் குறித்துக்கொண்டு டிப்போவுக்குத்தான் போக முடியும். கண்டக்டரின் பெயர், தெரு, மகள் படிக்கும் பள்ளி எதுவும் அவருக்குத் தெரியாது. இந்தத் திரையின் அருமை அன்று யாருக்கும் உறைக்கவில்லை. எல்லாருக்கும் பெயர்தான் வேண்டியிருந்தது.

அந்த ஆசைக்கு 1964-இல் வந்த ஒரு படத்தின் தலைப்பே சாட்சி: 'சர்வர் சுந்தரம்'. கே. பாலசந்தர் எழுத்து, நாகேஷ் நடிப்பு. ஓட்டலில் "சர்வர்!" என்ற ஒற்றைக் கூப்பாட்டுக்கு ஓடி வருபவனுக்குச் சுந்தரம் என்றும் ஒரு பெயர் உண்டு என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் தொழில் முன்னால், பெயர் பின்னால். அவன் பெரிய நடிகன் ஆன பிறகும் ரசிகர்களுக்கு அவன் சர்வர் சுந்தரம்தான். எழுதிய பாலசந்தர் மெட்ராஸில் அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலக ஊழியர், நடித்த நாகேஷ் முன்னாள் ரயில்வே குமாஸ்தா. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தவனைப் பதவி சொல்லி அழைக்கும் உலகம் இருவருக்கும் அத்துபடி. அதே பாலசந்தர் 1975-இல், சிவாஜி ராவ் என்ற முன்னாள் பெங்களூர் கண்டக்டருக்கு ரஜினிகாந்த் என்று பெயர் வைத்தார். பேட்ஜ் நம்பரைக் கழற்றிவிட்டு வந்தவருக்கு ஒரு பெயர் கொடுத்த ஊர் இது.

சரி, துணிக்கடை வில்லையில் இருப்பது ஏன் ஓர் இனிஷியலும் ஒரு பெயரும் மட்டும்? வட இந்தியாவில் அதே அளவு வில்லையில் சர்மா, யாதவ், குப்தா என்று குலமும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். வாசித்த மாத்திரத்தில் சாதி தெரிந்துவிடும். இங்கே தெரியாமல் போனதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம், கடை வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையே சொல்லும்: சௌந்தரபாண்டியனார் அங்காடி. பாண்டி பஜாரின் முழுப்பெயர் அது. பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில்தான் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அதற்கு முன்பே, 1927 இறுதியில், 'குடி அரசு' இதழில் ஈ.வெ. ராமசாமி என்ற பெயரிலிருந்து நாயக்கர் போயிருந்தது. மாநாட்டுத் தலைவரின் பெயரிலிருந்து நாடார் போனது. அவர் பெயரைத் தாங்கிய தெருவில், ஏறக்குறைய நூறாண்டு கழித்து, விற்பனைப் பெண்ணின் வில்லையில் அந்தத் தீர்மானம் அமலில் இருக்கிறது. கடைக்காரருக்கோ அந்தப் பெண்ணுக்கோ இது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தியாகராய நகரே ஓர் இனிஷியலாகச் சுருங்கிய பேட்டை. பிட்டி தியாகராயச் செட்டியார் 'தி'யாகவும் 'டி'யாகவும் ஆகிவிட்டார். 1970-களின் கடைசியில் எம்.ஜி.ஆர். அரசு தெருப் பலகைகளிலிருந்து சாதிப் பட்டங்களை எடுத்தபோது ஜி.என். செட்டி சாலைக்கும் கத்தி விழுந்தது. ஆட்டோக்காரரிடம் போய் "ஜி.என். ரோடு" என்று சொல்லிப் பாருங்கள், செட்டியைச் சேர்த்துத் திருப்பிக் கேட்பார். மயிலாப்பூரில் ராயர் மெஸ் ராயர் மெஸ்ஸாகவே இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறது. மனிதர்கள் உதிர்த்ததைக் கடைப்பெயர்கள் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை.

இனிஷியல்காரருக்குக் கஷ்டம் விமான நிலையத்தில்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது? அப்பா பெயரை எழுதினால் வெளிநாட்டில் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். சென்னை தந்த முதல் உலக சதுரங்க சாம்பியனின் பெயர் ஆனந்த். விஸ்வநாதன் அவருடைய அப்பா. உலகமோ அவரைச் செல்லமாக 'விஷி' என்கிறது, அதாவது அப்பாவின் பெயரைச் சுருக்கி மகனுக்குச் சூட்டிவிட்டது. கட்டத்தைக் காலியாக விட்டால் அது வேறு வம்பு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று அறிவிக்க, மீனம்பாக்கத்தில் ஏறவிருந்த பல தமிழ்க் குடும்பங்கள் அலறி அடித்துக்கொண்டு பாஸ்போர்ட்டைப் புரட்டின.

அதே மீனம்பாக்கத்தில் விமானத்தின் கதவு மூடியதும் ஒலிபெருக்கியில் பெயர்கள் வருகின்றன. கேப்டன் இன்னார், துணை விமானி இன்னார், என் பெயர் இது, என்னுடன் இவர்கள். மூச்சு விடாத ஆங்கிலத்தில் பத்து விநாடி. ஒருவர் மனதிலும் நிற்பதில்லை. விமானிக்குப் பெயரோடு பதவியும் வருகிறது. பணிப்பெண்ணுக்கு முதல் பெயர் மட்டும், அதுவும் மார்பில், ஜன்னலோர இருக்கைக்காரர் கண் மட்டத்தில். இந்தப் பெண்களின் உடலையும் வாழ்க்கையையும் பற்றி மற்றவர்கள் விதி போட்டது பழைய கதை. வேலையில் சேர்ந்து 4 ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும், முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்று ஏர் இந்தியா வைத்திருந்த விதி 1981-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கர்ப்ப விதியை நீதிமன்றம் தூக்கி எறிந்தது. நெர்கேஷ் மீர்ஸா என்ற பணிப்பெண்ணின் பெயர் சட்டக் கல்லூரிப் பாடமானது. அது அவரே வழக்காடி எழுதவைத்த பெயர், சீருடையில் குத்திவிட்டது அல்ல.

பெயர் கட்டாயமாக வேண்டிய இடமும் உண்டு. கைது செய்யப் போகும் போலீஸ்காரர் தன் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அணிய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கையில் லத்தி உள்ளவர் முகம் மறைக்கக் கூடாது, நியாயம். காபி டிரே வைத்திருப்பவருக்கும் அதே சட்டம் எதற்கு? டிரே ஏந்தும் கைக்கு எண்ணே போதும். இல்லாவிட்டால் நம் ஊர் ஏற்பாடு, ஓர் இனிஷியலும் ஒரு பெயரும். கூப்பிட அது தாராளம். தேடிப் பார்த்தால் அதே பெயரில் ஆயிரம் பேர் வந்து நிற்பார்கள்.

விரும்பிச் சொல்லும் பெயரின் அழகு வேறு. 2024-இல் சென்னை–கோவை விமானத்தில் கேப்டன் பிரதீப் கிருஷ்ணன் பயணிகள் முன்னால் வந்து நின்று, தமிழில் தன் தாத்தாவையும் பாட்டியையும் அம்மாவையும் அறிமுகப்படுத்தினார். தாத்தா எழுந்து கும்பிட்டார். அந்தப் பத்து விநாடியை யாரும் தவறவிடவில்லை.

இரவு பத்து மணிக்குமேல் ரங்கநாதன் தெருவில் ஷட்டர்கள் இறங்குகின்றன. நாள் முழுக்க நின்று விற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழகத்தில் சட்டத் திருத்தம் வந்தது, கால் வலி மட்டும் இன்னும் தீரவில்லை. மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறும் முன் ஒரு பெண் நின்று, சேலையில் குத்தியிருந்த வில்லையைக் கழற்றி, ஊசியை மூடி, டிபன் பாக்ஸ் பையின் பக்கவாட்டு ஜிப்பில் போடுகிறாள். கூட வந்தவள் கைப்பேசியை நீட்டிச் சிரிக்கிறாள்: "ஏய், தாம்பரம் வண்டி வந்துருச்சுடி."